தன் மகளை கோர்ட்டில் இழந்தவர், அடுத்தவர் மகன்களுக்காக லண்டன் வரை போனது ஏன்? அன்னி பெசன்ட்டும் செங்கல்பட்டு வழக்கும்

சென்னையில் பெசன்ட் நகர் இருக்கு, பெசன்ட் அவென்யூ சாலை இருக்கு. காங்கிரஸ் கட்சியின் முதல் பெண் தலைவர் யார் என்ற கேள்வி போட்டித் தேர்வுகளில் அடிக்கடி வரும். ஹோம் ரூல் இயக்கம் பற்றி பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். இதையெல்லாம் தாண்டி, அன்னி பெசன்ட்டின் வாழ்க்கையில் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்துக்கும் ஒரு இடம் உண்டு.

தாயை இழந்த இரண்டு சிறுவர்களை அடையாறில் இருந்து இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார் பெசன்ட். பெற்ற தகப்பன் பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டார். 1912-ல் செங்கல்பட்டில் பதிவான அந்த வழக்கு, மெட்ராஸ் உயர் நீதிமன்றம் போய், கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. அந்தச் சிறுவர்களில் ஒருவர்தான் பின்னாளில் உலகம் அறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி.

அந்த வழக்கில் வந்த தீர்ப்பு, குழந்தைகளின் பாதுகாப்பு உரிமை தொடர்பான வழக்குகளில் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அப்படி என்ன நடந்தது? பெசன்ட்டின் வாழ்க்கையை ஆரம்பத்தில் இருந்தே பார்த்தால்தான் இது புரியும்.

யார் இந்த அன்னி பெசன்ட்?

1847 அக்டோபர் 1-ம் தேதி லண்டனில் பிறந்தவர் அன்னி உட். 5 வயதில் தந்தை இறந்துவிட்டார். குடும்பத்தின் சேமிப்பு கரைந்து போனது. ஹாரோ பள்ளியில் படிக்கும் மாணவர்களுக்கு விடுதி நடத்தி அம்மா எமிலி குடும்பத்தை ஓட்டினார்.

மகனைப் படிக்க வைக்க வேண்டும், மகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் கையில் பணம் போதவில்லை. அந்த நேரத்தில் எலன் மேரியட் என்ற பெண்மணி, அன்னியைத் தன் வீட்டில் வைத்துப் படிக்க வைக்க முன்வந்தார். கல்யாணம் ஆகாதவர், வசதியானவர், பிரபல ஆங்கில நாவலாசிரியர் கேப்டன் மேரியட்டின் சகோதரி. அம்மாவும் சம்மதித்தார். 8 வயதில் அன்னி வேறு ஒருவர் வீட்டுக்குப் போனார்.

அங்கே நல்ல கல்வி கிடைத்தது. ஜெர்மனிக்கும் பாரிசுக்கும் போய்ப் பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. ஆனா பெற்ற அம்மாவை விடுமுறைகளில்தான் பார்க்க முடிந்தது. பணவசதி இல்லாத பெற்றோரின் பிள்ளையை வசதியுள்ள ஒருவர் எடுத்து வளர்த்தால் அந்தப் பிள்ளை முன்னேறும் என்பதை அன்னி சொந்த வாழ்க்கையிலேயே பார்த்துவிட்டார். பின்னாளில் அடையாறில் அவர் எடுத்த முடிவைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மகளை இழந்த தாய்

1867-ல் பாதிரியார் ஃபிராங்க் பெசன்ட்டுடன் திருமணம் நடந்தது. 1869-ல் மகன் டிக்பி, 1870-ல் மகள் மேபெல். மேபெல் கைக்குழந்தையாக இருந்தபோது கடுமையாக நோய்வாய்ப்பட்டாள். பச்சைக் குழந்தை இவ்வளவு கஷ்டப்படுவதை ஒரு கருணையுள்ள கடவுள் எப்படி அனுமதிப்பார் என்ற கேள்வி அன்னிக்கு வந்தது. பாதிரியாரின் மனைவிக்கு இப்படி ஒரு சந்தேகம் வந்தால் அந்த வீடு எப்படி இருக்கும்? 1873-ல் இருவரும் பிரிந்தார்கள். மகன் அப்பாவிடம், மகள் அம்மாவிடம் என ஒப்பந்தம் ஆனது.

அதன் பிறகு அன்னி, நாத்திகத் தலைவர் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து மேடைகளில் பேச ஆரம்பித்தார். 1877-ல் இருவரும் கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை மறுபதிப்பு செய்தார்கள். ஆபாசப் புத்தகம் என்று வழக்கு பாய்ந்தது. 6 மாத சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் தொழில்நுட்பக் காரணத்தால் ரத்தானது.

சிறையில் இருந்து தப்பினார், ஆனா அதைவிடப் பெரிய அடி காத்திருந்தது. இந்த வழக்கையும் அவரது நாத்திகத்தையும் காட்டி, மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஃபிராங்க் பெசன்ட் 1878-ல் கோர்ட்டுக்குப் போனார். அன்னி வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். பெண்கள் வழக்கறிஞர் ஆகவே முடியாத காலம் அது. நீதிபதி ஜார்ஜ் ஜெசல், கடவுள் நம்பிக்கை இல்லாத, இப்படிப்பட்ட புத்தகம் வெளியிட்ட ஒரு பெண்ணிடம் சிறுமி வளரக்கூடாது என்று முடிவு செய்தார்.

மகளை அவர் கொடுமைப்படுத்தினார் என்றோ, சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றோ அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அவரது கருத்துகள்தான் பிரச்சினை. 7 வயது மேபெலை அப்பாவின் ஆட்கள் வந்து அழைத்துப் போனார்கள். சிறுமி அழுது அடம்பிடித்தும் பயனில்லை. அன்னி பல நாள் நோயில் விழுந்தார். மேல்முறையீட்டில் மகளைச் சந்திக்கும் அனுமதி மட்டும் கிடைத்தது. ஒவ்வொரு சந்திப்பும் பிள்ளைகளைப் பாதித்ததால் அதையும் அவரே நிறுத்திக்கொண்டார்.

விவரம் தெரிந்த வயது வந்ததும் மகன், மகள் இருவருமே அம்மாவைத் தேடி வந்துவிட்டார்கள் என்பது தனிக்கதை.

தூத்துக்குடியில் இறங்கிய பெசன்ட்

இதற்குப் பிறகு அவரது வாழ்க்கை வேகமாக மாறியது. 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக நின்றார். 1889-ல் மேடம் பிளாவட்ஸ்கியின் எழுத்துகளைப் படித்துவிட்டு பிரம்மஞான சபையில் சேர்ந்தார். நாத்திக மேடையில் இருந்து ஆன்மிக மேடைக்கு வந்தது பழைய தோழர்களுக்குப் பெரிய அதிர்ச்சி.

1893 நவம்பரில் கொழும்பில் இருந்து கப்பலில் வந்து தூத்துக்குடியில் இறங்கினார். இந்திய மண்ணில் அவர் கால் வைத்தது தமிழ்நாட்டில்தான். 1898-ல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். 1907-ல் பிரம்மஞான சபையின் உலகத் தலைவரானார். அதன் தலைமையகம் 1882-ல் இருந்தே அடையாறில் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்ன பூகோளம். இப்போ அடையாறு சென்னை நகரின் நடுப்பகுதி மாதிரி ஆகிவிட்டது. அப்போ நிலைமை வேறு. அடையாறு ஆற்றுக்குத் தெற்கே இருந்த பகுதி செங்கல்பட்டு மாவட்டம். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் தொடங்கி, திருவான்மியூர், கோவளம், மாமல்லபுரம் எனக் கடற்கரையோரமாக நீளும் நிலம் எல்லாம் அதே மாவட்டம். அதனால், அடையாறில் ஒரு குடும்பத் தகராறு வந்தால், அதை விசாரிக்க வேண்டியது செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றம்.

அடையாறு கடற்கரையில் இரண்டு சிறுவர்கள்

நாராயணய்யா, வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதனப்பள்ளியைச் சேர்ந்த தெலுங்குக் குடும்பம். பிரம்மஞான சபையின் பழைய உறுப்பினர். அவரது மனைவி சஞ்சீவம்மா 1905 இறுதியில் இறந்துவிட்டார். எட்டாவது பிள்ளையான கிருஷ்ணமூர்த்திக்கு அப்போ 10 வயது. தம்பி நித்யானந்தாவுக்கு 7 வயது.

பென்ஷன் பணம் குடும்பத்துக்குப் போதவில்லை. சபையில் ஏதாவது வேலை கொடுங்கள், தங்க இடம் கொடுங்கள் என்று பெசன்ட்டுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். 1909 ஜனவரியில் வேலை கிடைத்தது. சபையின் வளாகத்துக்கு வெளியே, சரியான வசதிகள் இல்லாத ஒரு வீட்டில் பிள்ளைகளோடு குடியேறினார். சிறுவர்கள் தினமும் மயிலாப்பூர் பள்ளிக்கு நடந்தே போய் வந்தார்கள். மெலிந்த உடம்பு, மலேரியாக் காய்ச்சலின் மிச்சம், பாடத்தில் மந்தம். கிருஷ்ணமூர்த்தி வாத்தியாரிடம் அடி வாங்காத நாள் குறைவு.

அந்த 1909-ல், அடையாறு கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களை சபையின் முக்கியத் தலைவர்களில் ஒருவரான லெட்பீட்டர் பார்த்தார். கிருஷ்ணமூர்த்தியிடம் சுயநலம் இல்லாத ஒளி இருப்பதாகச் சொன்னார். வரப்போகும் உலக ஆசிரியர் இந்த உடம்பில்தான் வெளிப்படுவார் என்ற நம்பிக்கை சபைக்குள் பரவியது. பள்ளியில் மந்தமான பையன் என்று பெயர் வாங்கியவரை, சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் அவதாரமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

1909 நவம்பரில் வெளிநாட்டில் இருந்து திரும்பிய பெசன்ட், ரயில் நிலையத்தில் அந்தச் சிறுவர்களை முதன்முறையாகச் சந்தித்தார். கிருஷ்ணமூர்த்தி அவரை அம்மா என்று அழைத்தார். கடைசி வரை அந்த அழைப்பு மாறவில்லை.

ஒரு கடிதம், ஒரு கப்பல்

1910 மார்ச்சில் நாராயணய்யா ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார். தன் இரண்டு மகன்களுக்கும் பெசன்ட்டே காப்பாளராக இருக்கலாம் என்பதுதான் அதன் சாரம். கோர்ட் உத்தரவு எதுவும் இல்லை. சட்டப்படி தத்தும் இல்லை. ஒரு கடிதம், அவ்வளவுதான்.

ஏன் கொடுத்தார்? தாய் இல்லாத பிள்ளைகள், வருமானம் குறைவு, எதிரில் இருப்பவர் உலகப் புகழ் பெற்றவர். பிள்ளைகளுக்கு இங்கிலாந்தில் படிப்பு, ஆக்ஸ்போர்டு பட்டம் என்ற வாய்ப்பு. அவர் அப்போது சபையில் வேலை பார்ப்பவர், சபை உதவியில் குடியிருப்பவர் என்பதையும் மறக்கக்கூடாது. முதலாளி இடத்தில் இருப்பவரிடம் முடியாது என்று சொல்வது எளிதா?

1911 ஏப்ரலில் சிறுவர்கள் முதல் முறையாக பம்பாயில் இருந்து கப்பல் ஏறினார்கள். அக்டோபரில் திரும்பி வந்தார்கள். அதற்குள் நாராயணய்யாவின் மனம் மாறத் தொடங்கிவிட்டது. அவருக்கு இரண்டு விஷயங்கள் பிடிக்கவில்லை. ஒன்று, மகனைக் கடவுள் மாதிரி வணங்குவது. பெரிய மனிதர்கள் எல்லாம் ஒரு சிறுவன் காலில் விழுவதை அவரால் ஏற்க முடியவில்லை. இன்னொன்று, லெட்பீட்டர். சிறுவர்களுக்கு அவர் சொல்லித்தந்த பழக்கங்கள் தொடர்பாக 1906-லேயே புகார் எழுந்து, சபையை விட்டு விலகி, பிறகு மீண்டும் சேர்க்கப்பட்டவர் அவர். பிள்ளைகளை அவரிடம் இருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று தகப்பன் கேட்டார்.

1912 பிப்ரவரியில் சிறுவர்கள் மறுபடியும் கப்பல் ஏறினார்கள். படிப்புக்காக அழைத்துப் போக தகப்பனும் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனா ஐரோப்பாவில் சிறுவர்கள் லெட்பீட்டருடன் தங்கிய செய்தி வந்ததும் நிலைமை முற்றியது. 1912-ன் நடுப்பகுதியில், கொடுத்த அனுமதியை ரத்து செய்கிறேன், பிள்ளைகளைத் திருப்பி அனுப்புங்கள் என்று பெசன்ட்டுக்கு எழுதினார். பெசன்ட் மறுத்தார்.

செங்கல்பட்டில் பதிவான வழக்கு

1912 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் நாராயணய்யா வழக்குத் தொடர்ந்தார். வழக்கின் முக்கியத்துவம் காரணமாக அது மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. நீதிபதி பேக்வெல் விசாரித்தார். பத்திரிகைகளுக்குத் தினமும் தலைப்புச் செய்தி.

தகப்பன் தரப்பில் வாதாடியவர்களில் ஒருவர் சி.பி. ராமசாமி ஐயர். எதிர்த் தரப்பில் பெசன்ட் தானே வாதாடினார். 35 வருடங்களுக்கு முன் லண்டனில் மகளுக்காக நின்ற அதே கோலம். அன்று அவரை எதிர்த்து வந்தது ஒரு தகப்பனின் உரிமை. இன்றும் அதேதான். அன்று அவருடைய கருத்துகள் பிள்ளை வளர்ப்புக்குத் தகுதியற்றவை என்று சொல்லப்பட்டது. இன்று அவரைச் சுற்றி இருப்பவர்களின் கருத்துகள் பற்றி அதே கேள்வி.

1913 ஏப்ரல் 15-ல் தீர்ப்பு வந்தது. லெட்பீட்டர் மீது தகப்பன் சுமத்திய நேரடிக் குற்றச்சாட்டை நீதிபதி நம்பவில்லை. ஆனாலும் அவரது கருத்துகள் சிறுவர்களுடன் பழகத் தகுந்தவை அல்ல என்றார். பிள்ளைகள் கோர்ட்டின் பாதுகாப்பில் இருப்பார்கள், மே மாத இறுதிக்குள் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

இந்தத் தேதியைக் கவனியுங்கள். 1895 மே மாதம் பிறந்த கிருஷ்ணமூர்த்திக்கு 18 வயது முடிய ஒரு மாதம்கூட இல்லை. இந்தியச் சட்டப்படி 18 வயதில் ஒருவர் மேஜர். ஆனா கோர்ட் காப்பாளரை நியமித்துவிட்டால் அந்த வயது 21 ஆகிவிடும். அதாவது, தீர்ப்பு சில வாரம் தள்ளிப் போயிருந்தால் மூத்தவர் விஷயத்தில் வழக்கே அர்த்தமற்றதாகி இருக்கும்.

பெசன்ட் மேல்முறையீடு செய்தார். 1913 அக்டோபரில் உயர் நீதிமன்ற அமர்வும் தகப்பன் பக்கமே நின்றது. அடுத்து மிச்சம் இருந்தது லண்டன் பிரிவி கவுன்சில் மட்டும்தான். இந்திய வழக்குகளுக்கு அதுதான் அன்றைய உச்ச நீதிமன்றம்.

பிரிவி கவுன்சில் சொன்னது என்ன?

1914 மே மாதம் தீர்ப்பு பெசன்ட்டுக்குச் சாதகமாக வந்தது. காரணங்களை எளிமையாகப் பார்க்கலாம்.

முதலாவது, எல்லை. ஒரு மைனர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அந்த மாவட்ட நீதிமன்றம்தான் காப்பாளர் விஷயத்தை விசாரிக்க முடியும். 1890-ம் ஆண்டின் காப்பாளர் மற்றும் மைனர்கள் சட்டத்தின் 9-வது பிரிவு இதைச் சொல்கிறது. வழக்குத் தொடரும்போது பிள்ளைகள் பல மாதங்களாக இங்கிலாந்தில் இருந்தார்கள். ஆகவே செங்கல்பட்டு கோர்ட்டுக்கு இந்த வழக்கை எடுக்கவே அதிகாரம் இல்லை. அங்கிருந்து மாற்றப்பட்ட வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கும் கூடுதல் அதிகாரம் வந்துவிடாது.

இரண்டாவது, தகப்பனின் உரிமை. இந்து தகப்பன்தான் இயற்கையான காப்பாளர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுக்கலாம், வேண்டாம் என்றால் திரும்பப் பெறவும் செய்யலாம். உயிரோடு இருக்கும்போதே அந்த உரிமையை நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட முடியாது. இந்த இடத்தில் சட்டம் நாராயணய்யா பக்கம்தான். ஆனா அதோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தது. அந்த ஏற்பாட்டை நம்பிப் பிள்ளைகள் ஒரு புதிய வாழ்க்கைக்குள் போய்விட்டார்கள் என்றால், அதைக் கலைப்பது அவர்கள் நலனுக்கு நல்லதா என்று கோர்ட் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பிள்ளைகளின் குரல். மெட்ராஸில் நடந்த வழக்கில் அந்த இரண்டு பேருக்கும் தனியாகப் பேச யாரும் இல்லை. விவரம் தெரிந்த வயதில் இருக்கும் அவர்களை, விருப்பம் கேட்காமல் கப்பலில் ஏற்றி அனுப்பு என்று உத்தரவிட முடியாது. பிரிவி கவுன்சிலில் சகோதரர்கள் தங்கள் தரப்பைச் சொல்ல அனுமதி கிடைத்தது. இந்தியா திரும்ப விருப்பம் இல்லை என்பதே அவர்கள் நிலை.

தகப்பன் வேண்டுமானால் இங்கிலாந்து நீதிமன்றத்தை அணுகலாம் என்ற கதவு மட்டும் திறந்து வைக்கப்பட்டது. பென்ஷனில் வாழும் ஒருவர் கடல் கடந்து போய் லண்டனில் வழக்கு நடத்துவதா? கதை அங்கேயே முடிந்தது. பிள்ளைகள் தொலைவில் இருந்ததாலேயே செங்கல்பட்டு கோர்ட்டின் கை எட்டவில்லை. அந்தத் தொலைவை உருவாக்கியது யார் என்பது தீர்ப்பை மாற்றவில்லை.

இந்த வழக்கு மட்டும்தானா?

அந்தக் காலத்தில் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்புவது அபூர்வமான விஷயம் இல்லை. 1869-ல் தொடங்கி சுமார் 1 லட்சம் ஏழைச் சிறுவர், சிறுமியர் பிரிட்டனில் இருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அனாதைகள் என்று சொல்லித்தான் கப்பலில் ஏற்றினார்கள். பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வறுமைதான் அவர்களை அனாதை ஆக்கியது. ஆஸ்திரேலியாவுக்கும் இப்படி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. இதற்காக 2009-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட்டும், 2010-ல் பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுனும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள்.

இந்தியாவிலும் இது நடந்தது. ஸ்காட்லாந்து பாதிரியார் ஜான் கிரகாம் 1900-ல் கலிம்போங்கில் ஒரு இல்லம் தொடங்கினார். தேயிலைத் தோட்ட வெள்ளைக்காரர்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். 1908 முதல் 1938 வரை அவர்களில் சுமார் 130 பேர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். தாயின் பெயர்கூடத் தெரியாமல் வாழ்ந்து முடித்தவர்கள் அவர்களில் உண்டு.

இவர்களோடு ஒப்பிட்டால் அடையாறு சகோதரர்கள் வசதியாகத்தான் வாழ்ந்தார்கள். அடிப்படைக் கேள்வி மட்டும் ஒன்றே. நல்ல வாழ்க்கை கிடைக்கும் என்று சொல்லி ஒரு பிள்ளையை அதன் மண்ணில் இருந்து எடுக்கும்போது, அதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு?

இங்கிலாந்தில் என்ன ஆனது?

புது டெல்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லட்யன்ஸின் மனைவி எமிலி, அந்தச் சகோதரர்களை மகன்கள் மாதிரி பார்த்துக்கொண்டார். ஒரு அமெரிக்கச் செல்வந்தப் பெண்மணி கிருஷ்ணமூர்த்திக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு வாழ்நாள் உதவித்தொகை ஏற்பாடு செய்தார். நல்ல உடை, நல்ல வீடு, தனி ஆசிரியர்கள்.

ஆனா வழக்கின் காரணமாகச் சொல்லப்பட்ட ஆக்ஸ்போர்டு படிப்பு நடக்கவில்லை. வழக்கின் பரபரப்பும் அவதாரப் பேச்சும் சேர்ந்து அங்கே கதவை மூடின. லண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் கிருஷ்ணமூர்த்தி பலமுறை தோற்றார். நித்யானந்தா சட்டம் படித்துத் தேறினார்.

1912-ல் போனவர்கள் 1921 டிசம்பரில்தான் இந்தியாவைத் திரும்பப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 10 வருடம். தாய்மொழி தெலுங்கு நினைவில் இல்லாத அளவுக்கு கிருஷ்ணமூர்த்தி மாறியிருந்தார். தகப்பனைப் போய்ப் பார்த்தார்கள். 1924-ல் நாராயணய்யா காலமானார்.

நித்யானந்தாவுக்கு காசநோய் வந்தது. சிகிச்சைக்காக கலிபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்கில் தங்கினார்கள். 1925 நவம்பரில், பெசன்ட்டுடன் கிருஷ்ணமூர்த்தி கப்பலில் இந்தியா வந்துகொண்டிருந்தபோது தம்பி இறந்த தந்தி வந்தது. நித்யாவுக்கு வயது 27. சிறு வயதில் இருந்தே கூட இருந்த ஒரே சொந்தம் அவர்தான். கிருஷ்ணமூர்த்தியின் நம்பிக்கைகளை உலுக்கிய மரணம் இது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லோரும் பதிவு செய்கிறார்கள்.

அரசியலில் உச்சம், ஆன்மிகத்தில் இழப்பு

இடைப்பட்ட காலத்தில் பெசன்ட் இந்திய அரசியலின் மையத்துக்கு வந்துவிட்டார். 1914-ல் நியூ இந்தியா நாளிதழ். 1916-ல் ஹோம் ரூல் லீக். 1917 ஜூனில் ஆங்கிலேய அரசு அவரை ஊட்டியில் வீட்டுக்காவலில் வைத்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதால் செப்டம்பரில் விடுதலை. அதே டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டின் தலைவர்.

வழக்கில் அவரை எதிர்த்து வாதாடிய சி.பி. ராமசாமி ஐயர், ஹோம் ரூல் இயக்கத்தில் அவருடன் தோளோடு தோள் நின்றார். கோர்ட்டில் எதிரி, அரசியலில் தோழர்.

1929 ஆகஸ்ட் 3. நெதர்லாந்தின் ஓமன் நகரில் 3,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கூடியிருந்தார்கள். தனக்காக 1911-ல் உருவாக்கப்பட்ட நட்சத்திர அமைப்பைக் கலைப்பதாக கிருஷ்ணமூர்த்தி அறிவித்தார். குரு வேண்டாம், அமைப்பு வேண்டாம், சீடர்கள் வேண்டாம் என்பதே அந்த உரையின் சாரம். அந்தக் கூட்டத்தில் 81 வயது பெசன்ட்டும் அமர்ந்திருந்தார்.

கண்டங்கள் தாண்டி அழைத்துப் போய், வழக்கு நடத்தி, 20 வருடம் காத்திருந்தது எதற்காகவோ, அதையே அவர் வேண்டாம் என்றார். ஆனா இருவருக்கும் இடையே பாசம் அறுந்துபோகவில்லை. 1933 செப்டம்பர் 20-ல் அடையாறில் பெசன்ட் காலமானார். வயது 85.

இன்றைக்கு இப்படி ஒரு கடிதம் செல்லுமா?

செல்லாது. தாயோ தகப்பனோ ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பிள்ளையை வெளிநாட்டில் வளர்க்க ஒப்படைத்தால் அது சட்டப்படி தத்து ஆகாது. 1984-ல் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு விரிவான விதிமுறைகளை வகுத்தது. இப்போது 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும், காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையமும் இதைக் கண்காணிக்கின்றன.

பெற்றோர் பிள்ளையை ஒப்படைக்க விரும்பினால் குழந்தைகள் நலக் குழு முன்புதான் செய்ய முடியும். மனம் மாறினால் திரும்பப் பெற 2 மாத அவகாசம் உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்ப காராவின் தடையில்லாச் சான்று கட்டாயம். நாராயணய்யா மாதிரி சந்தேகத்தில் தவிக்கும் ஒரு தகப்பனுக்கு அந்த 2 மாதம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளையின் நலனே முதன்மை என்று 1956-ம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதே சமயம், எல்லை பற்றிய அந்த 9-வது பிரிவு இன்றும் அப்படியே இருக்கிறது. கணவன், மனைவி பிரிந்து ஒருவர் பிள்ளையோடு வெளிநாடு போய்விட்டால், எந்த ஊர் கோர்ட்டுக்குப் போவது என்ற தவிப்பு இன்றும் பல குடும்பங்களுக்கு இருக்கிறது. பிள்ளைகளை நாடு கடத்திச் செல்வது தொடர்பான 1980-ம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை.

முக்கிய ஆண்டுகள்

1847: லண்டனில் பெசன்ட் பிறப்பு
1878: மகள் மேபெலின் பாதுகாப்பு உரிமையை இழந்தார்
1893: தூத்துக்குடி வழியாக இந்தியா வருகை
1910: காப்பாளர் கடிதம்
1912: செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு
1914: பிரிவி கவுன்சிலில் வெற்றி
1917: காங்கிரஸ் தலைவர்
1929: நட்சத்திர அமைப்பைக் கலைத்தார் கிருஷ்ணமூர்த்தி
1933: அடையாறில் பெசன்ட் மறைவு

கடற்கரை மிச்சம் வைத்தது

பெசன்ட் மறைவுக்குப் பிறகு கிருஷ்ணமூர்த்தி பல பத்தாண்டுகள் சபை வளாகத்துக்குள் போகவில்லை. சென்னை வரும்போது கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில் தங்கினார். 1980-ல்தான் மறுபடியும் உள்ளே போனார். 1986 ஜனவரியில் சென்னையில் கடைசி உரைகளை முடித்துவிட்டு, கிளம்பும் முன் அடையாறு கடற்கரையில் நடந்தார். அடுத்த மாதம் ஓஹாயில் காலமானார்.

பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. 2019-ல் செங்கல்பட்டு மறுபடியும் தனி மாவட்டம் ஆனது. அடையாறு இப்போ சென்னையோடு சேர்ந்துவிட்டது. ஆனா கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையின் இரண்டு பள்ளிகள் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஒன்று தாழம்பூரில். இன்னொன்று மாமல்லபுரத்தில் இருந்து உள்ளே தள்ளி, திருக்கழுக்குன்றம் பக்கத்தில் இருக்கும் பாடசாலா. பரிசு, தண்டனை, ஒப்பீடு இல்லாமல் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. மயிலாப்பூர் பள்ளியில் அடி வாங்கிய ஒரு பையன் பின்னாளில் வலியுறுத்தியது அதைத்தான்.

பெசன்ட் மூன்று முறை இந்தக் கேள்வியின் முன் நின்றார். ஒருமுறை கொடுக்கப்பட்ட பிள்ளையாக, ஒருமுறை பறிகொடுத்த தாயாக, ஒருமுறை எடுத்துக்கொண்ட காப்பாளராக. மூன்று முறையும் அவரவர் பார்வையில் பிள்ளையின் நல்லதுக்காகத்தான் முடிவெடுத்தார்கள் பெரியவர்கள். உனக்கு என்ன வேண்டும் என்று பிள்ளையிடமும் கேட்க வேண்டும் என்று ஒரு கோர்ட் சொன்னது, அந்த மூன்றாவது முறைதான்.